மணி அடிக்கும் கடிகாரத்தை எடைக்குப் போடலாமா?

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு தெருவில் வண்டி வந்த காலம் ஒன்று உண்டு. பேரீச்சம்பழம் போய்விட்டது. வண்டி போகவில்லை. இன்று அது ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வருகிறது.

அந்த வண்டியில் ஏறிப் போகும் சாமான்களைக் கவனித்துப் பாருங்கள். ஓட்டைக் குடம், உடைந்த மின்விசிறி, துருப்பிடித்த சைக்கிள் – இவற்றுடன் சில சமயம் ஒரு மரப்பெட்டியும் போகும். வளைந்த முதுகு, வட்டமான முகப்பு, முகப்பில் 3 சாவித் துவாரங்கள். பாட்டனார் காலத்துக் கடிகாரம்!

"ஓடவில்லை, இடத்தை அடைக்கிறது" என்பதுதான் அதன் மேல் சாட்டப்படும் குற்றம். தண்டனை: உள்ளே இருக்கும் பித்தளைக்கு எடை போட்டுக் கிடைக்கும் சில நூறு ரூபாய்.

இந்தத் தண்டனை நியாயமா என்று சற்று நின்று யோசிக்க வேண்டும். அதிலும் ஓரிக்கையிலும் அதைச் சுற்றியுள்ள நெசவாளர் தெருக்களிலும் இருப்பவர்கள் அவசியம் யோசிக்க வேண்டும். ஏனென்றால், பழையதின் மதிப்பையும் கைவேலையின் அருமையையும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

குளிருக்குப் பிறந்த கடிகாரம்

ஆங்கிலேயர் இதை 'மான்டெல் கிளாக்' என்றார்கள். குளிர் நாட்டு வீடுகளில் கூடத்தின் நடுச் சுவரில் கணப்பு அடுப்பு இருக்கும். அதன் மேல் ஒரு பலகை. அந்தப் பலகைதான் 'மான்டெல்'. குடும்பமே குளிர் காய உட்காரும் இடமாகையால், கடிகாரமும் அங்கேயே உட்கார்ந்தது.

நம் ஊரில் கணப்பு ஏது? கடிகாரம் பீரோவின் தலையில் ஏறியது. அலமாரித் தட்டில் அமர்ந்தது. கடைகளில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. பெயரும் மாறியது. 'மணி அடிக்கிற கடிகாரம்' என்றோ, 'சாவி கொடுக்கிற கடிகாரம்' என்றோ சொன்னார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஜெர்மனி, அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகள் இவற்றை லட்சக்கணக்கில் செய்து உலகெங்கும் அனுப்பின. சென்னையில் மவுண்ட் ரோடு 'பி. ஆர் அண்டு சன்ஸ்' கடிகார வியாபாரத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தது. பீட்டர் ஆர் என்ற ஸ்காட்லாந்துக் கடிகார நிபுணர் தொடங்கிய கடை அது. கட்டிடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வரைந்து கொடுத்த அதன் கட்டிடம் சென்னையின் அடையாளங்களில் ஒன்றாயிற்று.

அந்த நாளில் தென்னாட்டு ரயில்கள் 'மெட்ராஸ் டைம்' என்ற கணக்கில் ஓடின. 1792-ல் சென்னையில் அமைந்த வானியல் நோக்குக் கூடத்தை வைத்துக் கணக்கிட்ட நேரம் அது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்தது. அதனுடன் சேர, மெட்ராஸ் நேரம் காட்டிய கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னால் நகர வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுக் கடிகாரம் அதற்கு முந்தியதாக இருந்தால், அந்த 9 நிமிஷத்தைத் தாண்டி வந்த கடிகாரம் அது!

ஜக்கார்டு அட்டையும் சங்கீதச் சக்கரமும்

மணி அடிப்பதில் 2 வகை உண்டு. ஒரு மணிக்கு 1, இரண்டு மணிக்கு 2 என்று எண்ணிக்கை மட்டும் அடிப்பது ஒரு வகை. கால் மணிக்கு ஒரு முறை சிறு ராகம் பாடி, முழு மணி ஆனதும் ராகத்தோடு எண்ணிக்கையும் அடிப்பது இன்னொரு வகை. முகப்பில் 2 துவாரம் இருந்தால் முதல் வகை. 3 துவாரம் இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் வகை. நடுத் துவாரம் நேரம் ஓட. இடப்புறம் எண்ணிக்கை அடிக்க. வலப்புறம் ராகம் பாட.

பாடும் ராகங்களில் பிரசித்தி பெற்றது 'வெஸ்ட்மின்ஸ்டர்'. லண்டன் பார்லிமெண்டு கோபுரத்து 'பிக் பென்' பாடுகிற அதே ராகம். ஆனால் அது பிறந்த இடம் லண்டன் அல்ல. 1793-ல் கேம்பிரிட்ஜ் நகரத்து தேவாலயம் ஒன்றுக்காக அமைக்கப்பட்டது. 1859-ல் லண்டனுக்குக் குடியேறியது.

அதைக் கேட்க லண்டன் போக வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சியின் ரிப்பன் கட்டிடத்தில் 1913-ல் 'ஓக்ஸ் அண்டு கம்பெனி' பொருத்திய பெரிய கடிகாரமும் இதே ராகத்துக்காக அமைந்ததுதான். அதன் 4 மணிகளை வார்த்தது இங்கிலாந்தின் 'ஜில்லட் அண்டு ஜான்ஸ்டன்'.

4 சுரங்கள், அவற்றை மாற்றி மாற்றி வைத்த 5 வரிசைகள். அவ்வளவுதான் முழு ராகமும். கால் மணிக்கு 4 ஓசை, அரை மணிக்கு 8, முக்கால் மணிக்கு 12, முழு மணிக்கு 16. ஒரு மணி நேரத்தில் 40 ஓசை.

இதைப் பாட வைப்பது எது? பெட்டிக்குள் ஒரு சிறு உருளை இருக்கிறது. அதன் மேல் குறிப்பிட்ட இடங்களில் முளைகள். உருளை சுழலும்போது முளை ஒவ்வொன்றும் ஒரு சுத்தியலைத் தூக்கி விடுகிறது. சுத்தியல் விழுந்து கம்பியைத் தட்டுகிறது. மணி நேரத்துக்கு உருளை 2 சுற்று, ராகம் முடிகிறது.

நெசவாளிக்கு இது புதிதல்ல. தறியின் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டையைப் பாருங்கள். துளை இருக்கும் இடத்தில் இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. அட்டை மாறினால் பூ மாறும். கடிகார உருளையில் முளை மாறினால் ராகம் மாறும். பட்டில் மயிலும் அன்னமும் வருவதும், பித்தளையில் ராகம் வருவதும் ஏறக்குறைய ஒரே தந்திரந்தான்!

யார் செய்தது?

கடிகாரத்தின் குலம் கோத்திரம் அறிய வேண்டுமானால் முகப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. முகப்பில் இருக்கும் பெயர் பல சமயம் விற்ற கடைக்காரருடையது. செய்தவர் பெயர் உள்ளே இருக்கும்.

பின்கதவைத் திறந்து, டார்ச் விளக்கு அடித்து, பித்தளைத் தகட்டைப் பாருங்கள். முத்திரை, எண், நாட்டின் பெயர் – இம்மூன்றில் ஒன்றாவது பொதுவாக அங்கே இருக்கும்.

நட்சத்திரத்துக்குள் 'ஜே' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது 'ஜங்ஹான்ஸ்'. 1861-ல் ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் நகரில் தோன்றிய கம்பெனி. குறுக்கே வைத்த 2 அம்புகள் இருந்தால் 'ஹாம்பர்க் அமெரிக்கன்'. பின்னாளில் ஜங்ஹான்ஸுடன் இணைந்தது. 'ஜி.பி.' என்ற எழுத்துகள் இருந்தால் 'குஸ்தாவ் பெக்கர்'. 1847-ல் சிலேசியாவில் தொடங்கியது. அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. பெக்கர் கடிகாரங்களில் வரிசை எண் பொறித்திருப்பதால், ஏறக்குறைய எந்த ஆண்டில் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

'சேத் தாமஸ்', 'அன்சோனியா' என்றால் அமெரிக்கா. 1920-களின் இறுதியில் அன்சோனியா நொடித்துப் போனபோது, அதன் யந்திரங்களை சோவியத் ருஷ்யா விலைக்கு வாங்கிக் கொண்டு போனது. 'செய்கோஷா' என்றால் ஜப்பான். 1892-ல் ஹட்டோரி கின்டாரோ டோக்கியோவில் தொடங்கிய தொழிற்சாலை.

நாட்டின் பெயரும் சாட்சி சொல்லும். அயல் நாட்டுச் சரக்கு எங்கே செய்யப்பட்டது என்பதை மறைக்கக் கூடாது என்று பிரிட்டன் 1887-ல் சட்டம் செய்தது. 1889-ல் இந்தியாவிலும் அத்தகைய சட்டம் வந்தது. ஆகவே 'மேட் இன் ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், பெரும்பாலும் அது அந்த ஆண்டுகளுக்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம்.

பெட்டியின் உருவமும் வயது சொல்லும். நடுவில் உயர்ந்து இரு புறமும் சரிந்து, நெப்போலியன் தொப்பி போல் இருப்பது 1920, 30-களில் பெரிதும் விரும்பப்பட்ட உருவம். கோவில் வாசல் போலத் தூண் வைத்துக் கருப்புச் சாயம் பூசியது அதற்கு முந்திய தலைமுறை.

இத்தனையும் பார்த்த பிறகு இன்னொன்றும் பார்க்க வேண்டும். பெட்டியும் யந்திரமும் ஒன்றுக்கொன்று பிறந்தவைதாமா? பெட்டியில் பயனில்லாத பழைய திருகுத் துளைகள் இருந்தால், துவாரமும் சாவித் தண்டும் நேராக இல்லாவிட்டால், வேறு கடிகாரத்தின் யந்திரத்தை இங்கே கொண்டு வந்து குடியேற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

விலை என்ன பெறும்?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒரு கடிகாரத்துக்கு 4 விலைகள் உண்டு. எடைக்குப் போட்டால் ஒரு விலை. வியாபாரி வாங்கும் விலை ஒன்று. அதே வியாபாரி விற்கும் விலை வேறு. குடும்பத்தார் மனத்தில் இருப்பது நான்காவது விலை. முதல் விலையை மற்ற மூன்று என்று நம்பி ஏமாறுகிறவர்களே அதிகம்.

வயது ஒன்றே விலையை உயர்த்தாது. லட்சக்கணக்கில் செய்த சாதாரணக் கடிகாரம் 100 ஆண்டு கண்டாலும் சாதாரணக் கடிகாரமே. இதை மறைத்து ஆசை காட்டுவது தவறு. பார்க்க வேண்டியவை: செய்தவர் யார், ராகம் பாடுமா, எண்ணிக்கை மட்டும் அடிக்குமா, முகப்பு, முள், பெண்டுலம், சாவி, கம்பி எல்லாம் அசலா, பெட்டி பிழைத்திருக்கிறதா, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதற்கு ரசீதோ புகைப்படமோ உண்டா.

இவற்றில் தலையாயது அசல் தன்மை. காஞ்சிபுரத்தில் இதை விளக்க வேண்டாம். ஜரிகையை உரசிப் பார்த்து வாங்குகிற ஊர் இது. உடலும் கரையும் கோர்வை போட்டு நெய்ததா, ஒட்டுக் காட்டியதா என்று புடவையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லும் கண்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. புடவையின் உட்புறத்தைப் பார்ப்பது போல, கடிகாரத்தின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். பழையது போலத் தோன்றும் புதுக் கடிகாரங்களும் சந்தையில் விற்கின்றன. திருகுகளின் தலை, பல்சக்கரத்தின் ஓரம், மரத்தின் அடிப்பாகம் – இவை பொய் சொல்லா. 70, 80 ஆண்டு உழைத்த யந்திரத்தில் அந்த உழைப்பின் தடம் இருந்தே தீரும்.

மதிப்புச் சொல்கிறவரே வாங்குகிறவராகவும் இருந்தால் அவர் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம். இரண்டு மூன்று பேரைக் கேளுங்கள். கேட்பதற்கு முன், முகப்பு, பின்தகடு, முத்திரை, எண் ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். கைபேசி இல்லாத வீடு இன்று உண்டா?

ஒரு நாளைக்கு 1,116 அடி!

ஒரு சிறு கணக்கு. ராகம் மணிக்கு 40 ஓசை, நாளைக்கு 960. எண்ணிக்கை மணி 12 மணி நேரத்தில் 78, நாளைக்கு 156. ஆக 1,116. ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல்! இரவும் பகலும் இப்படி உழைத்த யந்திரம் ஒரு நாள் நின்றால், அதைச் செத்துப் போயிற்று என்று சொல்லலாமா? களைத்துப் போயிற்று என்பதே பொருத்தம்.

நிற்பதற்குப் பெரும்பாலும் காரணங்கள் சாதாரணமானவை. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். தண்டுகள் சுழலும் துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும். பெண்டுலத்தைத் தாங்கும் மெல்லிய தகடு ஒடிந்திருக்கும். இல்லாவிட்டால் கடிகாரம் சமமாக உட்கார்ந்திருக்காது.

கடைசியாகச் சொன்னதை வீட்டிலேயே சோதிக்கலாம். 'டிக்', 'டாக்' இரண்டுக்கும் இடையே நேரம் சமமாக ஒலிக்க வேண்டும். நொண்டுகிறவன் நடை போல ஒலித்தால், ஒரு பக்கத்து அடியில் அட்டைத் துண்டைச் செருகிப் பாருங்கள். நடை சமமானால் நோய் தெரிந்துவிட்டது. செலவு, ஒரு அட்டைத் துண்டு!

வேகமாக ஓடினால் பெண்டுலத்தின் அடியிலுள்ள திருகைக் கீழே இறக்க வேண்டும். மெதுவாக ஓடினால் மேலே ஏற்ற வேண்டும். கத்தரி வெயிலில் உலோகத் தண்டு நீள்வதால் சற்றுத் தாமதமாக ஓடுவது இயற்கை.

முள்ளைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது. முன்னோக்கியே திருப்பி, கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, ராகம் பாடி முடிக்கவிட வேண்டும். இடம் மாற்றும்போது பெண்டுலத்தைக் கழற்றிவிட்டே தூக்க வேண்டும். 8 நாள் கடிகாரமானால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்று சாவி கொடுக்க வேண்டும். "அதிகமாகச் சாவி கொடுத்ததால் கெட்டுவிட்டது" என்பார்கள். முழுவதும் சாவி கொடுத்ததால் கடிகாரம் கெடுவதில்லை. உள்ளே அழுக்கு ஏறி ஓட முடியாமல் நின்றதைச் சாவியின் மேல் பழி போடுகிறார்கள்.

செய்யக் கூடாதவை

தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதையும் ஊற்றக் கூடாது. சில நாள் ஓடும். பிறகு அந்த எண்ணெயே தூசியுடன் சேர்ந்து அரைக்கும் சாந்தாகித் தண்டுகளைத் தின்னும். கடிகாரத்துக்கென்றே எண்ணெய் உண்டு. அதுவும் துளி அளவே வேண்டும். பழைய அழுக்கைக் கழுவிய பிறகே வேண்டும்.

முகப்பைப் புளி போட்டுத் துலக்கக் கூடாது. பல முகப்புகளில் மேலே இருப்பது மெல்லிய வெள்ளிப் பூச்சு. துலக்கினால் பூச்சும் போகும், எண்களும் போகும். ஆயுத பூஜைக்கு ஈரத் துணியால் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறவர்கள், கண்ணாடியின் மேல் வைத்தால் போதும். இருட்டில் ஒளிரும் பழைய எண்களைச் சுரண்டவே கூடாது; அதில் ரேடியம் கலந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான எச்சரிக்கை: வீட்டில் யந்திரத்தைப் பிரிக்காதீர்கள். உள்ளே 3 வில்கள் இறுக்கிச் சுற்றிக் கிடக்கின்றன. அவற்றை முறைப்படி தளர்த்தாமல் தகட்டின் திருகைக் கழற்றினால், சக்கரத்தின் பல் போகும், விரலும் போகும். இது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

தெரிந்தவர் எங்கே?

இங்கேதான் விஷயத்தின் வேதனை இருக்கிறது.

ஒரு காலத்தில் கடைத்தெருக்களில் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதுதான் அவருடைய கடை, அதுதான் பள்ளிக்கூடமும். பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே தொழில் கற்றான்.

பிறகு பாட்டரி கடிகாரம் வந்தது. 1971-ல் 'அஜந்தா' கம்பெனி தோன்றிய குஜராத்தின் மோர்பி நகரம் சுவர்க் கடிகாரங்களுக்குப் பெயர் பெற்றது. விலை மலிவு, சாவி வேண்டாம், நேரமும் துல்லியம். ஏழை வீட்டுச் சுவரிலும் கடிகாரம் ஏறியது. நல்லதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. கைக்கடிகாரத்திலும் அதே கதை. 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவு 2016-ல் மூடப்பட்டது.

ரிப்பேர் வேலை குறைந்தது. பையன் வேறு வேலைக்குப் போனான். பூதக்கண்ணாடிக்காரருக்கு வயதாகிவிட்டது.

விளைவு என்ன? பழைய கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போனால், "இந்த மெஷினை எடுத்து எறிந்துவிட்டு பாட்டரி மெஷின் போட்டுத் தருகிறேன், ஒரு மணி நேரத்தில் ஓடும்" என்று பல இடங்களில் சொல்கிறார்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் அது எது? பழைய பெட்டிக்குள் புகுந்த புதுக் கடிகாரம். ராகம் போயிற்று, உருளை போயிற்று, முத்திரை போயிற்று, மதிப்பும் போயிற்று. நல்ல பட்டுப் புடவையின் ஜரிகையை உருவி எடுத்துவிட்டு நைலான் நாடா தைத்தால் அதைப் பட்டுப் புடவை என்று யாராவது ஒப்புவார்களா?

கடிகாரம் ஓடாமல் இருப்பது கேடல்ல. ஓடாத அசல் கடிகாரம் நாளைக்கு ஓடும். யந்திரத்தை இழந்த கடிகாரம் என்றைக்கும் ஓடாது.

ஆகவே ரிப்பேருக்குக் கொடுக்கும்போது 3 நிபந்தனை சொல்லுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முன்னதாகச் சொல்ல வேண்டும். மாற்றிய உறுப்பு எதுவானாலும் பழையதைத் திருப்பித் தர வேண்டும். முழுவதும் பிரித்து, கழுவி, தேய்ந்த துளைகளுக்குப் புஷ் போட்டுச் சேர்க்க வேண்டும். எண்ணெய் தெளித்துத் திருப்பித் தரக் கூடாது. இதற்குச் சம்மதிக்கிறவர் அவகாசம் கேட்பார். கூலியும் கூடுதலாகக் கேட்பார். பேரம் பேசாமல் கொடுங்கள். ஒரு புடவைக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்று தெரிந்த ஊர், இன்னொரு கைத்தொழிலாளியின் கூலியைக் குறைக்கக் கூடாது.

ஓர் இரவு இருந்த ஊர்

ஓரிக்கையின் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். காஞ்சியை விட்டுப் போகும்படி கணிகண்ணனுக்கு அரசன் ஆணையிட்டான். சீடனுடன் திருமழிசை ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் சொன்னபடி பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை' ஆகி, ஓரிக்கை ஆயிற்றாம். அரசன் தவற்றை உணர்ந்து வேண்டவே, எல்லாரும் காஞ்சிக்குத் திரும்பினார்கள்.

பெருமாள் திரும்பினார். வீட்டை விட்டுப் போன கடிகாரம் திரும்புவதில்லை.

விற்பதே தவறு என்பதல்ல. பணமுடை வந்தால் விற்கத்தான் வேண்டும். ஆனால் தெரிந்து விற்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டம், வரலாற்று மதிப்புள்ள 100 ஆண்டுப் பழமையான பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. தொல்பொருள் வியாபாரத்துக்கு லைசென்சும் வேண்டும். ஆகவே பழைய கடிகாரத்தை அயல் நாட்டு உறவினருக்கு அனுப்ப நினைக்கிறவர்கள், அது இந்தச் சட்டத்துக்கு உட்பட்டதா என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் கேட்டுத் தெளிவது நல்லது.

ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. கல்கத்தாவின் 'குக் அண்டு கெல்வி' கொடுத்தது. மணிக்கொரு முறை சிறு பொம்மை ஒன்று வெளியே வந்து மணி அடித்துவிட்டுப் போகும். அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் கூடி உட்கார்ந்திருக்கிறது. கையில் கைபேசி வைத்திருக்கிற கூட்டம்! மணி தெரிந்து கொள்வதற்காகவா அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்?

செய்ய வேண்டியது

2020-ல் சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து, யந்திரக் கடிகாரத் தொழில் திறமையை யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தன. கடிகாரத்தை அல்ல, கடிகாரம் செய்யும் கையை! இங்கிலாந்தில் 1858-ல் தோன்றிய கடிகாரக் கலைக் கழகம் இன்றும் இத்தொழிலைக் கற்பிக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இது எட்டாததல்ல. டாட்டா குழுமத்துடன் தமிழக அரசின் டிட்கோவும் கை கோத்துத்தான் 1984-ல் டைட்டன் கம்பெனி பிறந்தது. ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. நுட்ப வேலைக்குப் பழகிய விரல்கள் நம்மிடம் இருக்கின்றன. நெசவுத் தெருக்களில் பிறந்த பிள்ளைகளுக்கோ பொறுமையும் கண்ணும் பிறவியிலேயே வந்தவை.

தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒரு குறுகிய காலப் பாடமாக யந்திரக் கடிகார ரிப்பேரைச் சேர்க்கலாம். பூதக்கண்ணாடிப் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே, மாதச் சம்பளம் கொடுத்து அவர்களை ஆசிரியர்களாக உட்கார வைக்கலாம். அவர்கள் போன பிறகு கட்டிடம் கட்டிப் பயனில்லை. ரிப்பன் கட்டிடம் போன்ற பொதுக் கட்டிடங்களின் கடிகாரங்களைப் பராமரிக்கவும் ஆள் வேண்டுமல்லவா?

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் இன்றே செய்யக் கூடியது ஒன்று உண்டு. பரண் மேல் கிடக்கும் கடிகாரத்தைக் கீழே இறக்குங்கள். தூசியைத் தட்டுங்கள். பின்கதவைத் திறந்து முத்திரையைப் பாருங்கள். எந்த ஆண்டு, யார் வாங்கியது, எங்கே வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி, பெட்டிக்குள் வையுங்கள். அந்தக் கதை தெரிந்தவர்களும் கடிகாரத்தைப் போலவே பழையவர்கள். கேட்க வேண்டியதைக் காலத்தில் கேட்டுவிட வேண்டும்.

அதன் பிறகும் எடைக்குப் போடத்தான் வேண்டும் என்று தோன்றினால், போடுங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தோன்றாது.